பெர்க்லியின் ஓலோனி நாய்ப் பூங்கா: வேலிக்குள்ளும் மன்றத்திலும்

கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஹர்ஸ்ட் அவென்யூவை ஒட்டிக் கம்பிவேலிக்குள் அடங்கிய சிறு நிலமே ஓலோனி நாய்ப் பூங்கா. நாய்களைக் கயிறவிழ்த்து ஓடவிடுவதற்கென்றே அமெரிக்காவில் ஒதுக்கப்பட்ட முதல் பூங்கா இதுதான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1979இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1983இல் நகராட்சியின் நிலையான ஏற்பைப் பெற்ற இடம் இது. பசும்புல் விரிந்த மைதானத்தையோ, தாண்டவும் ஏறவும் பலவகைச் சாதனங்களையோ எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் ஒரு நகராட்சி தன் மக்களுக்கு அளிக்கும் சேவை என்ற வகையில் இந்த வட்டாரத்தில் நான் மிக உயர்வாக மதிக்கும் பூங்கா இது. அந்த மதிப்புக்கான காரணத்தில் ஒரு பகுதியே வேலிக்குள் இருக்கிறது. பெரும்பகுதி நகர மன்றக் கூட்டங்களிலும், பூங்கா ஆணையத்தின் நிகழ்ச்சி நிரல்களிலும், பூங்காவைப் பயன்படுத்துவோர் தாமே ஏற்றுக்கொண்ட பொறுப்புகளிலும் இருக்கிறது. ஆகவே இந்த மதிப்பீடு அந்த இரண்டையும் சேர்த்தே எழுதப்படுகிறது.

முதலில் நிலத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நிலம் கிடைத்ததே ஒரு வாக்கெடுப்பால்தான். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் ஊர்களை இணைக்கும் பார்ட் ரயில் திட்டமிடப்பட்ட காலத்தில், பெர்க்லியில் தண்டவாளத்தின் ஒரு பகுதி தூண்களின் மேல் செல்வதாக இருந்தது. அப்படி அமைந்தால் ஊர் இரண்டாகப் பிளந்துபோகும் என்று எதிர்த்த நகர மக்கள், 1966இல் கூடுதல் செலவைத் தங்கள் வரியிலிருந்தே கொடுப்பதாக வாக்களித்து, பாதையைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் செய்தார்கள். அந்தச் சுரங்கப் பணிக்காக ஹர்ஸ்ட் அவென்யூ ஓரத்து வீடுகள் இடிக்கப்பட்டு, நிலம் வெறுமையாகக் கிடந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான காலி நிலத்தில் பெர்க்லி மக்கள் தாமே அமைத்த ‘மக்கள் பூங்கா’வை (பீப்பிள்ஸ் பார்க்) 1969இல் அந்தப் பல்கலைக்கழகம் வேலியிட்டு மூடியபோது, அதை எதிர்த்துப் போராடியவர்கள் இந்த வெற்று நிலத்துக்கு வந்து செடிகள் நட்டு, இதை அந்தப் பூங்காவின் இணைப்பாகவே கருதினார்கள். இன்று மில்வியா தெருவிலிருந்து சாக்ரமெண்டோ தெரு வரை நீளும் ஓலோனி பூங்கா, இந்த மண்ணின் தொல்குடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் அடியில் ரயில் ஓடுகிறது. அந்த நீண்ட பூங்காவின் ஒரு துண்டுதான் நாய்ப் பூங்கா.

நாய்கள் கயிறில்லாமல் தெருவிலோ பூங்காவிலோ திரியக் கூடாது என்ற விதி இருக்கும் நகரத்தில், அந்த விதியை மீறாமல் நாயை ஓடவிட ஓர் இடம் வேண்டும் என்று கேட்பதற்கு முன்மாதிரி எதுவும் அப்போது கிடையாது. டோரிஸ் ரிச்சர்ட்ஸ், மார்த்தா ஸ்காட் பெனடிக்ட் ஆகிய இரு பெண்மணிகள் இந்த முயற்சியின் முன்னோடிகளாகக் குறிப்பிடப்படுகிறார்கள். நகராட்சி நேராக நிலையான அனுமதியைத் தரவில்லை. சோதனையாக நடத்திப் பார்க்கச் சம்மதித்தது. இந்த முறை இரு தரப்புக்கும் நன்மை தந்தது என்பது என் கருத்து. மன்ற உறுப்பினர்களுக்கு இது திரும்பப் பெறக்கூடிய முடிவாக இருந்ததால் துணிந்து வாக்களிக்க முடிந்தது. நாய் வளர்ப்போருக்கோ, கழிவை அள்ளுவது, சண்டையிடும் நாயை உடனே வெளியே கொண்டுபோவது, அக்கம்பக்கத்தாரின் குறைகளுக்குப் பதில் சொல்வது ஆகிய அனைத்தையும் செய்து காட்டினால்தான் இடம் தங்கும் என்ற கட்டாயம் வந்தது. பயன்படுத்துவோர் ஒரு சங்கமாகத் திரண்டு பராமரிப்பில் பங்கெடுத்ததற்கும், நான்கு ஆண்டுகளில் சோதனை நிலையான ஏற்பாடாக மாறியதற்கும் இந்தக் கட்டாயமே வழிவகுத்தது என்று நான் நம்புகிறேன். பின்னாளில் பல நகரங்கள் பூங்காவைக் கட்டி முடித்துவிட்டுப் பராமரிக்க ஆள் தேடின. பெர்க்லியில் ஆட்கள் முதலில் வந்தார்கள், பூங்கா பிறகு வந்தது.

இனி வேலிக்குள் செல்வோம். நுழைவாயிலில் இரட்டைக் கதவு இருப்பது இத்தகைய பூங்காவுக்கு இன்றியமையாத அம்சம்: வெளிக்கதவைச் சாத்திய பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும் என்பதால், ஒருவர் உள்ளே வரும் கணத்தில் மற்றொருவரின் நாய் சாலைக்குப் பாய்ந்துவிடுவது தடுக்கப்படுகிறது. இரண்டு கதவுகளுக்கும் இடையிலுள்ள சிறு கூண்டிலேயே கயிற்றைக் கழற்றிவிடுவது நல்லது. கட்டுண்ட நாயைக் கட்டவிழ்ந்த நாய்கள் சூழ்ந்துகொண்டால், விலகிப்போக வழியில்லாத நாய் பயத்தினால் கடிக்கும். தரையில் மரச்சில்லு பரப்பியிருப்பதைக் குறையாகக் கருத வேண்டாம். இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை நாய்கள் ஓடினால், கால்மிதியாலும் சிறுநீரிலுள்ள நைட்ரஜனாலும் எந்தப் புல்லும் கருகிவிடும். மரச்சில்லு மழைநீரை உள்வாங்கும், சேற்றைக் குறைக்கும். ஆனால் அது மட்கிப்போவதால் மீண்டும் மீண்டும் புதிதாகக் கொட்டிப் பரப்ப வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை நீளும் இங்கத்து மழைக்காலத்தில், நாயைத் திரும்ப ஏற்றுவதற்கு வண்டியில் ஒரு பழைய துண்டைத் தயாராக வைத்துக்கொள்வது அவசியம்.

பரப்பளவு ஒரு ஏக்கருக்கும் குறைவு என்பதால் எல்லா நாய்களுக்கும் இது பொருந்தாது. குட்டிப் பருவம் கடந்து, தடுப்பூசிகள் முடிந்து, மற்ற நாய்களோடு பழகக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையிலுள்ள நாய்க்கு இது மிக நல்ல பள்ளிக்கூடம். நாலாபுறமும் வேலி இருப்பதால், கூப்பிட்டவுடன் வரப் பழகாத நாயையும் அச்சமின்றி விடலாம். முழு வேகத்தில் நீண்ட தூரம் ஓட வேண்டிய வேட்டை இன நாய்களுக்கும் ஆடுமேய்ப்பு நாய்களுக்கும் இடம் போதாது. ஓட்டம் கிடைக்காத அவற்றின் துடிப்பு மற்ற நாய்களைத் துரத்துவதில் போய் முடியும். கூட்டத்தைக் கண்டால் ஒடுங்கிப்போகும் நாயைக் கூட்டமுள்ள மாலை வேளையில் கொண்டுபோவது அதற்குச் செய்யும் தீங்கு.

ஓடுவதற்கு இடம் வேண்டுவோர் ரிச்மண்ட் நகரின் பாயிண்ட் இசபெலுக்குப் போகலாம். சுமார் 23 ஏக்கர் பரப்பில் விரிகுடாவின் கரையிலேயே அமைந்த அந்தப் பூங்காவில், நாய்கள் நீந்துவதற்குக் கால்வாயும், நாம் நடப்பதற்கு நல்ல பாதையும், வானம் தெளிந்த நாளில் கோல்டன் கேட் பாலத்தின் காட்சியும் உண்டு. ஒருவர் மூன்று நாய்களுக்கு மேல் கொண்டுவரக் கூடாது; அதற்கு மேல் கொண்டுவர உரிமம் வேண்டும். பக்கத்துச் சதுப்பு நிலத்தில் நாய்களுக்கு அனுமதியில்லை. கரையோரப் பறவைகள் இரைதேடும் இடம் அது என்பதால் இந்தத் தடையை மனமார மதிக்க வேண்டும். 1985இல் தொடங்கிய நாய் வளர்ப்போர் சங்கம் ஒன்று இன்றுவரை இந்தப் பூங்காவின் தூய்மையிலும் நிர்வாகப் பேச்சுவார்த்தைகளிலும் பங்கெடுத்துவருகிறது. பெர்க்லியின் படகுத்துறையை ஒட்டிய சீசர் சாவேஸ் பூங்கா மூன்றாவது வாய்ப்பு. 1983இல் மூடப்பட்ட குப்பைக் கிடங்கின் மேல் எழுந்த 90 ஏக்கர் பூங்காவில், நடுவில் 17 ஏக்கர் நாய்களுக்குக் கயிறில்லாத பகுதி. ஆனால் அதற்கு வேலி கிடையாது. குளிர்காலத்தில் அங்கே வந்து தங்கும் வளை ஆந்தைகள் தரையிலுள்ள பொந்துகளில் வாழ்பவை என்பதால், சொல்லுக்குக் கட்டுப்படாத நாயை அங்கே அவிழ்த்துவிடுவது முறையல்ல. வேனில் தொடங்கியதும் காய்ந்த காட்டுப்புல்லின் கதிர்முட்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். இங்கே ஃபாக்ஸ்டெயில் என்று சொல்லப்படும் அந்த முள் நாயின் காதிலும் மூக்கிலும் விரலிடுக்கிலும் புகுந்தால், ஒரே திசையில் உள்நோக்கியே நகரும் அமைப்புடையதாகையால் தானாக வெளியே வராது. கால்நடை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

இந்த மூன்று பூங்காக்களையும் ஒப்பிடும்போது, நாய் வளர்ப்போரில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஓலோனியும் சீசர் சாவேஸும் பெர்க்லி நகராட்சியின் பொறுப்பு. அவற்றைப் பற்றி முடிவெடுப்பது மேயரும் எட்டு வட்ட உறுப்பினர்களும் கொண்ட நகர மன்றம். பாயிண்ட் இசபெல் ரிச்மண்ட் எல்லைக்குள் இருந்தாலும் அதை நடத்துவது கிழக்கு விரிகுடா வட்டாரப் பூங்கா மாவட்டம். 1934இல் உருவான அந்த மாவட்டத்துக்கு மக்கள் தேர்ந்தெடுத்த ஏழு இயக்குநர்கள் கொண்ட தனி மன்றம் இருக்கிறது. பாயிண்ட் இசபெலில் ஒரு மாற்றம் வரப்போகிறது என்றால் ரிச்மண்ட் நகர மன்றத்தில் முறையிட்டுப் பயனில்லை. எந்தப் பூங்கா எந்த மன்றத்தின் கீழ் வருகிறது என்பதை அறிவிப்புப் பலகையின் மூலையில் அச்சிட்ட சின்னமே சொல்லிவிடும். முதல் நாளிலேயே அதைப் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

பெர்க்லி நகராட்சியின் முடிவுகளைப் பின்தொடரும் ஏற்பாட்டையும் ஒரு சேவையாகவே மதிப்பிடலாம். கலிஃபோர்னியாவில் 1953இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்பும் பொதுவில் ஒட்டப்பட வேண்டும். பொதுவாக நிரலில் இல்லாத ஒன்றின்மீது மன்றம் முடிவெடுக்க முடியாது. பொதுமக்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். கூட்டத்துக்கு வருவோர் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவும் முடியாது. இந்தக் கடைசிப் பகுதி நம்மவர்களுக்கு மிகவும் முக்கியமானது. ஃப்ரீமாண்டிலும் சான் ஹோசேயிலும் பெர்க்லியிலும் வேலை விசாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல இன்று நாய் வளர்க்கின்றன. வாக்குரிமை இல்லாததால் நகர மன்றத்தில் தங்களுக்கு இடமில்லை என்று அவர்களில் பலர் எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. மாநிலம் முழுவதும் இதே சட்டம்தான் என்பதால், எந்த ஊரில் இருந்தாலும் இந்த உரிமை உண்டு.

சட்டம் சிறப்பானதாக இருந்தாலும், நிரலைப் படித்துப் புரிந்துகொள்வது எளிதன்று. நாய்ப் பூங்காவைப் பற்றிய முடிவு அந்தப் பெயரிலேயே வருவது அரிது. வேலி மாற்றும் ஒப்பந்தமாகவோ, பூங்காத் துறையின் வரவுசெலவில் ஒரு வரியாகவோ, திறப்பு நேரத்தை ஒழுங்குபடுத்தும் திருத்தமாகவோதான் வரும். விவாதமின்றி ஒட்டுமொத்தமாக நிறைவேற்றப்படும் பட்டியல் ஒன்று நிரலின் முற்பகுதியில் இருக்கும். சிறிய ஒப்பந்தங்கள் அதில் அடங்கி, ஒரே வாக்கில் முடிந்துவிடும். சட்டவிதியைத் திருத்துவதாக இருந்தால் இரண்டு வாசிப்புகள் தேவை என்பதால் இரண்டாவது வாய்ப்பு ஒன்று கிடைக்கும்; தீர்மானமாக வந்தால் அந்த ஒரு கூட்டத்தோடு சரி. ஆகையால் மன்றத்தின் நிரலைக் காட்டிலும், அதற்கு முன்பே இவற்றைப் பரிசீலித்துப் பரிந்துரைக்கும் பூங்கா, பொழுதுபோக்கு, கடற்கரை ஆணையத்தின் நிரலைப் படிப்பதே பயனுள்ளது. ஆணையத்தில் பேச வருவோர் குறைவு, கேட்பவர்களுக்கு நேரமிருக்கும். மன்றத்திலோ பேசுவோர் அதிகமாகிவிட்டால் ஒருவருக்குரிய இரண்டு நிமிடம் ஒரு நிமிடமாகச் சுருங்கிவிடும். 2016 நவம்பரில் நகர மக்கள் வாக்களித்து ஏற்ற 10 கோடி டாலர் கடன்பத்திரத் திட்டத்தில் எந்தெந்தப் பூங்காக்களைச் சீரமைப்பது என்ற பட்டியலும் இத்தகைய ஆணையக் கூட்டங்களில் மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே மன்றத்துக்குப் போனது. அந்தக் கட்டத்தில் பேசியவர்களின் சொல்லுக்கு இடமிருந்தது. பட்டியல் மன்றத்தில் நிறைவேறிய பிறகு வருந்துவதால் மரச்சில்லுகூட வராது.

நெடுங்காலக் கவனம் என்ன செய்யும் என்பதற்கு விரிகுடாவின் மறுகரையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபோர்ட் ஃபன்ஸ்டன், கிரிஸ்ஸி ஃபீல்டு, ஓஷன் பீச் போன்ற இடங்கள் கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியைச் சேர்ந்தவை. ஒன்றிய அரசின் தேசியப் பூங்காச் சேவை அவற்றை நடத்துகிறது. அங்கும் 1979இல்தான் நாய்களைக் கயிறில்லாமல் விடுவதற்கான கொள்கை ஒன்று ஏற்கப்பட்டது. பின்னர் அதைப் பெருமளவு சுருக்க நிர்வாகம் முயன்றபோது, நாய் வளர்ப்போரும், கரையோரப் பறவைகளின் பாதுகாப்பை முன்வைத்த அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிராக நின்று கருத்துகளை எழுதிக் குவித்தார்கள். 2016இல் முன்மொழியப்பட்ட விதி 2017இல் கைவிடப்பட்டது. பறவைகளுக்காகப் பேசியவர்களின் கவலை நியாயமானது, அதை நான் குறைத்து மதிக்கவில்லை. வேலியிட்ட சிறு பூங்காக்கள் ஊருக்குள் போதுமான அளவு இருந்திருந்தால் கடற்கரையில் அந்த மோதல் இவ்வளவு கூர்மையாகியிருக்காது என்றே தோன்றுகிறது. ஓலோனி போன்ற சிறிய இடத்தின் மதிப்பு அத்தகைய இடங்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது: நடந்துபோகும் தூரத்தில் நாயை விட இடமிருப்பவர்கள் ஆந்தைகளும் உள்ளான்களும் வாழும் நிலத்துக்குத் தினமும் வண்டியோட்டிப் போக மாட்டார்கள்.

ஓலோனியின் பெருங்குறை ஒலி. சாலையின் எதிர்ப்புறத்திலேயே வீடுகள் இருக்கின்றன; காலையில் எழும் குரைப்பொலியைப் பற்றி அக்கம்பக்கத்தார் அண்மை ஆண்டுகளில் நகராட்சியிடம் முறையிட்டிருக்கிறார்கள், திறப்பு நேரத்தைக் குறைப்பதா என்பது விவாதமாகியிருக்கிறது. பூங்கா முன்பே இருந்தது, வீடு வாங்கியவர்கள் தெரிந்துதானே வாங்கினார்கள் என்று சில நாய் வளர்ப்போர் வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பூங்கா தொடக்கத்தில் நிலைத்ததே அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொண்டதால்தான். அந்தப் பொறுமையைப் பேணுவது பயன்படுத்துவோரின் கடமை. இடைவிடாமல் குரைக்கும் நாயை உடனே வெளியே கொண்டுபோவது, வேலி வழியாக நடைபாதையில் போகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும் நாயை அழைத்து உள்பக்கமாக நகர்த்துவது, தொலைபேசியில் மூழ்காமல் நாயின் உடல்மொழியைக் கவனிப்பது ஆகியவை செலவில்லாத வழிகள். நகராட்சி தன் பங்குக்கு வேலியின் தெருப்பக்கத்தில் செடிவரிசை அமைத்தால், நாய்களின் பார்வை மறைந்து குரைப்பு கணிசமாகக் குறையும். ஒலியைத் தடுப்பதில் செடிகளின் பங்கு சிறிதுதான், ஆனால் குரைக்கத் தூண்டும் காட்சியை அவை மறைத்துவிடும்.

மொத்தத்தில், நடந்தே போகக்கூடிய தூரத்தில் வசிப்போருக்கும், இளம் நாய்களையும் தத்தெடுத்த நாய்களையும் பழக்குவோருக்கும் ஓலோனியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தொலைவிலிருந்து வண்டியில் வருவோர் பாயிண்ட் இசபெலுக்குப் போவதே நாய்க்கு நல்லது. பார்ட் ரயிலில் வருவோர் டவுன்டவுன் பெர்க்லி நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஆனால் பார்ட்டில் செல்ல நாய் கூண்டுப் பைக்குள் இருக்க வேண்டும் என்பதால் சிறிய நாய்களுக்கே அது சாத்தியம். நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் நகராட்சி உரிமமும் இருக்க வேண்டும். நாலு மாதம் நிறைந்த நாய்க்கு உரிமம் பெறுவது மாநிலச் சட்டப்படி கட்டாயம். கலிஃபோர்னியாவில் நாய் ஒருவரைக் கடித்தால், அதற்குமுன் அது யாரையும் கடித்ததில்லை என்ற காரணம் உரிமையாளரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திறப்பு நேரத்தைப் பற்றிய கேள்வி மீண்டும் ஆணையத்தின் முன் வந்தால், மாலை நேரத்தைத் தொடாமல், வார இறுதிக் காலைகளில் மட்டும் திறப்பை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம் என்பதே என் நிலைப்பாடு. அதையே எழுத்தில் அனுப்பவும் இருக்கிறேன்.